ஃபிரிட்ஜ் நிறைந்திருக்கிறது, அம்மா ஏன் மெலிகிறார்?

மஸ்கட்டில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 76 வயது. குமரி மாவட்டம் கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் சொந்த வீடு. அப்பா தவறி இரண்டு ஆண்டுகளாகத் தனியாக இருக்கிறார். சென்ற ஆண்டு தம்பி விடுமுறைக்கு வந்தபோது 58 கிலோ இருந்த அம்மா இப்போது 51 கிலோ. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தப் பரிசோதனையில் குழப்பம் ஒன்றுமில்லை என்றார்களாம். மாதாமாதம் பணம் போகிறது, ஃபிரிட்ஜில் மீனும் கோழியும் இருக்கின்றன. "வயதானால் மெலியத்தான் செய்வார்கள்" என்கிறார் அண்ணன். அது சரிதானா, முதியவர்களை ஊட்டக்குறைவில் தள்ளும் காரணங்கள் எவை என்பது கேள்வி.

நான் மருத்துவர் இல்லை. செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசி ஆண்டுகள் முழுவதும் குமரி மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்ததுதான் என் வேலை. அந்த வீடுகளின் அடுக்களையில் கற்றதை வைத்துச் சொல்கிறேன்.

அண்ணன் சொல்வது தவறு. வயதாக ஆகத் தசை குறையும்தான். ஆனால் முடி நரைப்பதைப் போல அது மெல்ல நடக்கும். 58 கிலோவில் 7 கிலோ என்பது 12 சதவீதம். முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேலோ, அதைவிட நீண்ட காலத்தில் 10 சதவீதத்துக்கு மேலோ எடை இறங்கினால் ஊட்டக்குறைவைச் சந்தேகிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் உலக அளவில் ஏற்றிருக்கும் அளவு. அம்மா அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்.

ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதை வைத்தும் நிம்மதி அடைய முடியாது. ஊட்டக்குறைவை மட்டும் காட்டிக்கொடுக்கும் பரிசோதனை எந்த ஆய்வகத்திலும் கிடையாது. முன்பு ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்துச் சொல்வார்கள். சாப்பிட்ட சாப்பாட்டைவிட உடலில் உள்ள அழற்சியையும் கல்லீரல், சிறுநீரகத்தின் நிலையையும்தான் அது அதிகம் காட்டுகிறது என்று பிறகு தெரிந்தது. இந்த விஷயத்தில் எடை இயந்திரமும் தையல்காரரின் நாடாவும் மேல்.

இனி காரணங்கள். ஒரே காரணத்தால் மெலிந்த முதியவரை நான் அதிகம் பார்த்ததில்லை. நாலைந்து சிறு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும். அதனால்தான் மருத்துவரிடம் போகும்போது யாரும் அவற்றைச் சொல்வதில்லை.

தனி அடுப்பிலிருந்து தொடங்குகிறேன். நம் மாவட்டத்தில் குழம்பு என்றால் தேங்காய் துருவ வேண்டும், வறுக்கவோ அரைக்கவோ வேண்டும். தீயல், அவியல், புளிசேரி, மீன் கறி எதை எடுத்தாலும் அதுதான். முழங்கால் மடங்காதவரால் துருவியில் உட்கார முடியாது. விரல் மூட்டு வீங்கியவரால் தேங்காயை உடைக்கவும் முடியாது. தேங்காய் துருவுவது நின்ற நாளிலேயே அந்த வீட்டில் கறி வைப்பதும் பாதி நின்றுவிடும். அதோடு, "ஒருத்திக்காக எதற்கு இத்தனை பாடு?" என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். ஐம்பது ஆண்டுகள் பிறருக்குச் சோறு விளம்பியே பழகிய பெண்ணுக்குத் தனக்கென்று மட்டும் அடுப்பு மூட்டத் தெரியாது. காலையில் கட்டன் காப்பியும் ரஸ்க்கும், மதியம் முந்தின நாள் சோறும் ஊறுகாயும், இரவில் கஞ்சித் தண்ணீர். வயிறு நிறைந்துவிடும்; தசைக்கு ஒன்றும் போயிருக்காது.

உங்கள் ஃபிரிட்ஜ் கணக்கை இங்கேதான் சரிபார்க்க வேண்டும். விடுமுறைக்கு வந்த மகன் வாங்கி அடைத்த கோழி, அவன் திரும்பிப் போய் மூன்று மாதம் ஆன பிறகும் பனிக்கட்டியாக அப்படியே இருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஐஸ் வைத்த மீனை நம் பாட்டிமார் மீனாகவே மதிக்க மாட்டார்கள் என்பது ஒரு பக்கம். அதை எடுத்து, இளகவைத்து, கழுவி, வெட்ட கையில் வலு வேண்டும் என்பது மறு பக்கம். பணமும் பொருளும் வீட்டுக்குள் வந்து சேர்ந்திருப்பதால் அவை வாய்க்குள்ளும் போய்ச் சேர்ந்ததாகக் கடலுக்கு அப்பால் இருப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆண்களின் கதை வேறு. மனைவி இறக்கும் நாள்வரை அடுக்களைக்குள் காலே வைக்காத ஒருவர், 80 வயதில் தேநீர்க் கடையின் பழம்பொரியையும் வடையையும் வைத்தே எட்டு மாதம் ஓட்டினார். மழை கொட்டும் நாளில் அதுவும் இல்லை. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு என்பதை இந்தக் கணக்கில் மறந்துவிடக் கூடாது. சாயங்காலம் குடிக்கும் பழக்கம் இருப்பவர் என்றால் சொல்லவே வேண்டாம். குடி சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது பத்தியம். எனக்குக் கோபம் வருவது இதில்தான். சர்க்கரை என்று சோற்றைக் குறைப்பார்கள். அழுத்தம் என்று உப்பையும் கருவாட்டையும் நிறுத்துவார்கள். கொழுப்பு என்று தேங்காயும் முட்டையும் போகும். மூட்டு வலிக்கு வாயு என்று பயறும் கிழங்கும் விலக்கு. உடம்பு அரித்தால், கரப்பான் (சொறி) கூட்டும் என்று சாளை மீனும் கணவாயும் விலக்கு. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் சொல்லியிருப்பார்: மருத்துவர், மருந்துக்கடைக்காரர், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர், கைப்பேசியில் வந்த வீடியோ. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மிஞ்சுவது கோதுமைக் கஞ்சியும் ரசமும்தான். நாற்பது வயதில் தொப்பையோடு இருப்பவருக்குச் சொல்லும் கட்டுப்பாட்டை 76 வயதில் 51 கிலோ இருப்பவருக்குச் சொல்லக் கூடாது. தளர்ந்த முதியவர்களுக்கு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8 சதவீதம் வரை இருக்கலாம் என்று சர்க்கரை நோய்க்கான வழிகாட்டுதல்களே தளர்த்திக் கொடுக்கின்றன. இதை அம்மாவின் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: "இவர் எடை குறைந்துவிட்டது, எந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடலாம்?"

இதோடு ஒட்டிய ஓர் ஆபத்து உண்டு. 58 கிலோவில், மூன்று வேளை சாப்பிட்ட காலத்தில் எழுதிய மாத்திரை அளவுதான் 51 கிலோவில், ஒன்றரை வேளை சாப்பிடும் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறதா? கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழும். விடியற்காலையில் வியர்த்து, தலைசுற்றிக் குளியலறையில் விழுவார்கள். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், விழுந்ததற்குக் காரணம் வழுக்கும் தரை என்று எழுதப்படும். அழுத்த மாத்திரையும் அப்படித்தான். உடல் இளைத்தால் அழுத்தம் தானாகவே இறங்கும், பழைய அளவு அதிகமாகிவிடும்.

மாத்திரைகள் பசியையும் தின்னும். மெட்ஃபார்மின் சிலருக்குக் குமட்டலையும் வயிற்றுப்போக்கையும் தரும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் வைட்டமின் பி12 குறையலாம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகள் எடையைக் குறைக்கும். குண்டானவருக்கு அது வரம், இவருக்கு இல்லை. இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்ஸின் அளவு மீறினால் முதல் அடையாளமே பசியின்மைதான். இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கல் தரும், மலச்சிக்கல் பசியைக் கெடுக்கும். எதையும் நீங்களாக நிறுத்தச் சொல்லவில்லை. எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவர் மேசையில் கொட்டச் சொல்கிறேன். இரண்டு மருத்துவர்கள் ஒரே மருந்தை இரண்டு பெயரில் எழுதியிருந்ததை அப்படித்தான் ஒருமுறை கண்டுபிடித்தோம்.

வாயைத் திறந்து பார்க்க யாரும் நினைப்பதில்லை. பல் செட்டை டம்ளரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு ஈறால் மென்றுகொண்டிருப்பவர்கள் ஏராளம். கேட்டால் "இறுக்குகிறது" அல்லது "ஆடுகிறது" என்பார்கள். எடை குறைந்தால் ஈறும் சுருங்கும், செட் இன்னும் தளரும், இன்னும் குறைவாகச் சாப்பிடுவார்கள். இது ஒரு சுழல். ஆயுள் முழுவதும் முறுக்கான் (வெற்றிலை பாக்கு) போட்டவர்களுக்கு வாய் எரிவும், வாய் திறக்க முடியாத இறுக்கமும், ஆறாத புண்ணும் வரும். இரண்டு மூன்று வாரம் ஆறாத வாய்ப்புண்ணைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக் கூடாது.

கழிப்பறையைச் சொன்னால் சிரிக்க வேண்டாம். பழைய வீடுகளில் அது வெளியே, இரண்டு படி இறங்கிப் போகும் இடத்தில் இருக்கும். இரவில் எழ வேண்டுமே என்று ஐந்து மணிக்கு மேல் தண்ணீரும் குடிக்க மாட்டார், சாப்பிடவும் மாட்டார். சிறுநீர் அடக்க முடியாத பிரச்சினையை மகனிடம் எந்தத் தாய் சொல்வார்? மருமகளிடமும் சொல்ல மாட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி வாங்கிப் போட்ட பிறகு இரவுச் சாப்பாடு திரும்பி வந்த வீடு எனக்குத் தெரியும்.

மனதுக்கு வருவோம். வீட்டில் வசிக்கும் முதியவர்கள் மெலிவதற்கான முதன்மைக் காரணங்களில் மனச்சோர்வு ஒன்று. நம் ஊரில் அது அழுகையாக வராது. "சோறு இறங்கவில்லை", "வாய்க்கு ருசி இல்லை" என்றுதான் வரும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் பலரைக் கடலில் கொண்டுபோனது. உடல்கூடக் கிடைக்காத குடும்பங்கள் உண்டு. அப்படி மகனைக் கொடுத்த ஒரு தாய், மீன் சமைப்பதையே நிறுத்திவிட்டார். அவரிடம் புரதக் கணக்கு பேசிப் பயனில்லை; மனநல மருத்துவரிடம் போனார், பேத்தி கூடவே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள், மெல்ல மெல்லத் தேறினார். உங்கள் அம்மாவுக்கு அப்பா போய் இரண்டு ஆண்டுகள் என்கிறீர்கள். எடை இறங்கத் தொடங்கிய காலம் எது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மறதி நோயையும் சேர்த்து யோசியுங்கள். சாப்பிட்டேனா இல்லையா என்று தெரியாதவர், தொலைபேசியில் "சாப்பிட்டுவிட்டேன் மக்களே" என்று தெளிவாகவே சொல்வார்.

பக்தியையும் இங்கே ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தவக்காலம் முழுக்க மீனும் முட்டையும் விலக்கி, வெள்ளிதோறும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்பு) இருக்கும் பாட்டிமார் கடலோரத்தில் நிறையப் பேர். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமே 60 ஆம் வயது தொடங்கியதும் ஒருசந்திக் கடமையிலிருந்து விலக்கு அளிக்கிறது. நான் சொன்னால் கேட்கமாட்டார்கள். பங்குத்தந்தை சொன்னால் கேட்பார்கள். விரதம் இருக்கும் மற்றவர்களுக்கும் இது பொருந்தும்.

நோய்களைப் பட்டியல் போட்டால் நீளும். காசநோய், புற்றுநோய், தைராய்டு அதிகச் சுரப்பு, கட்டுக்கு அடங்காத சர்க்கரை, இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், பக்கவாதத்துக்குப் பிறகு வரும் விழுங்கல் சிரமம். முதியவர்களில் தைராய்டு அதிகமானால் படபடப்பே இல்லாமல் வெறும் சோர்வும் மெலிவுமாக வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், விழுங்கும்போது அடைப்பு, மலத்தில் ரத்தம் அல்லது கறுப்பு நிறம், தொடர் வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் சாப்பாட்டு யோசனையை ஒதுக்கிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டாலும் மார்பு எக்ஸ்ரே, தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 எல்லாம் பார்த்தார்களா என்று கேளுங்கள். "குழப்பமில்லை" என்ற சொல்லுக்குள் எத்தனை பரிசோதனை இருந்தது என்பது முக்கியம்.

ஒரு சின்னக் காய்ச்சலே ஏன் இவர்களைச் சாய்க்கிறது என்று பலர் கேட்பார்கள். இளைஞன் பத்து நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் அடுத்த வாரமே கூடுதலாகச் சாப்பிட்டு ஈடுகட்டிவிடுவான். முதியவர் உடல் அப்படிக் கேட்டு வாங்காது. இரைப்பை முன்போல விரிந்துகொடுக்காது, நாலு வாயில் நிறைந்துவிட்டது என்று சொல்லும், மணமும் சுவையும் மங்கியிருக்கும், தாகமும் குறைவு. அதனால் ஒவ்வொரு காய்ச்சலும் ஒரு படி இறக்கிவிட்டுப் போகும், ஏறும் படி கிடையாது. நலமாக இருக்கும் முதியவர்களே பத்து நாள் படுக்கையில் கிடந்தால் கால்களில் மட்டும் ஒரு கிலோ அளவுக்குத் தசை போய்விடுவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். "ஓய்வெடுக்கட்டும்" என்று அன்போடு படுக்க வைப்பதும் இப்படித்தான் கெடுதலாகிறது.

உங்கள் வீட்டில் பணக்கஷ்டம் இல்லை. ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டும். முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக்கப்பட்டது; அது ஒரு நாளைக்கு 40 ரூபாய். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, அதனால் சோற்றுக்குப் பஞ்சமில்லை. சோற்றோடு சேர்க்க வேண்டியதற்குத்தான் பஞ்சம். மீன்பிடித் தடைக்காலம் நம் மாவட்டத்தில் இரண்டு: கிழக்குக் கடற்கரைப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் அடங்கிய மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த மாதங்களில் மீன் விலை ஏறும். கிடைக்கும் துண்டு பேரப்பிள்ளையின் தட்டுக்குப் போகும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. முதலில் நாடா. அம்மாவை உட்காரவைத்து, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் சுற்றளவு எடுக்கச் சொல்லுங்கள். 31 செ.மீ.க்குக் கீழ் என்றால் ஊட்டக்குறைவுக்கான வலுவான அடையாளம். கால் வீக்கம் இருந்தால் இந்த அளவு ஏமாற்றும். முதியவர்களுக்காகவே உலகெங்கும் பயன்படும் ஆறு கேள்விச் சிறு ஆய்வும் இருக்கிறது: மூன்று மாதத்தில் சாப்பாடு குறைந்ததா, எடை இறங்கியதா, வெளியே நடமாட்டம் உண்டா, பெரிய நோயோ மன அதிர்ச்சியோ வந்ததா, மறதியோ சோர்வோ உண்டா, உயரத்துக்கேற்ற எடை எவ்வளவு. மொத்தம் 14 மதிப்பெண். 12க்குக் குறைந்தால் அபாயம், 7 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஊட்டக்குறைவு. பார்க்கக் குண்டாக இருப்பவர்களையும் இப்படி அளக்க வேண்டும். கொழுப்பு மேலே இருக்க உள்ளே தசை கரைந்திருக்கலாம்.

பிறகு புரதக் கணக்கு. முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். உங்கள் அம்மாவுக்கு நாளைக்கு 51 முதல் 61 கிராம். இரண்டு தோசை, ஒரு வேளைச் சோறு, ரசம், இரவுக் கஞ்சி எல்லாம் சேர்ந்தாலும் 30 கிராமைத் தாண்டுவது கடினம். மிச்சத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6. 100 கிராம் சாளையில் 20 அளவில். ஒரு கிண்ணம் வேகவைத்த சிறுபயற்றில் 14. நம் முன்னோர் சாப்பிட்ட கஞ்சியும் பயறும் தேங்காய்த் துவையலும் மோசமான சாப்பாடே இல்லை. நாளடைவில் பயறு போய் வெறும் கஞ்சியானதுதான் மோசம். மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கும் அப்படியே: மீன் கறியோடு சாப்பிட்டால் சாப்பாடு, கட்டன் காப்பியோடு சாப்பிட்டால் வெறும் மாவு. நெத்தோலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் கிடைக்கும். சிறுநீரக நோய் இருப்பவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பல நாள் ஏறக்குறைய பட்டினியாகக் கிடந்தவரை ஒரேயடியாக ஊட்டி நிரப்பவும் கூடாது. ரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து உயிருக்கே ஆபத்தாகும். அவர்களுக்கு ஆஸ்பத்திரியில்தான் தொடங்க வேண்டும்.

டப்பாவில் வரும் சத்துமாவை மகன்கள் விரும்பி வாங்குகிறார்கள். தவறில்லை, ஆனால் அதைக் கலக்கிக் குடித்துவிட்டு மதியச் சோற்றை விட்டுவிட்டால் லாபம் இல்லை. இரண்டு வேளைகளுக்கு இடையில்தான் கொடுக்க வேண்டும். பசிக்கு என்று மருந்துக்கடையில் விற்கும் டானிக்குகள் வேண்டவே வேண்டாம். அவற்றில் பலவற்றில் இருக்கும் சிப்ரோஹெப்டடின் முதியவர்களுக்குத் தூக்கக் கலக்கம், வாய் உலர்வு, மலச்சிக்கல், மனக்குழப்பம் எல்லாம் தரும்.

பணத்தை எங்கே செலவிடலாம் என்று கேட்டால், ஆள் வைப்பதில் என்பேன். தினமும் ஒன்றரை மணி நேரம் வந்து, தேங்காய் துருவி, கறி வைத்து, முக்கியமாக அம்மாவோடு உட்கார்ந்து தானும் சாப்பிட்டுவிட்டுப் போகிற ஒருவர். அந்தக் கடைசிப் பகுதியைச் சம்பளத்தில் சேர்த்தே பேசுங்கள். சேர்ந்து சாப்பிடும்போது கை தானாக இன்னொரு வாய் எடுக்கும். அதோடு, சாப்பிட்ட பிறகு முற்றத்தில் பத்து நிமிட நடை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பத்து முறை எழுந்து உட்காருதல். தசையை வேலை வாங்காமல் புரதம் மட்டும் கொடுத்தால் அது அதிகம் தசையாவதில்லை. தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வருகிற பெண் தன்னார்வலரிடம் எடை குறைந்ததைச் சொல்லச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் இனி தொலைபேசியில் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்காதீர்கள். "இன்று என்ன கறி?" என்று கேளுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து பதில் ஊறுகாய் என்றால் புரிந்துகொள்ளலாம். மாதம் ஒரு நாள், ஒரே எடை இயந்திரத்தில், காலையில் எடை பார்த்து நாட்காட்டியிலேயே எழுதிவைக்கட்டும். அடுத்த மாதமும் 51க்குக் கீழே இறங்கினால் உங்கள் விடுமுறைவரை காத்திருக்க வேண்டாம். மாத்திரைப் பையோடும் அந்த நாட்காட்டியோடும் அண்ணனே அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப் போகட்டும்.